ஹேமண்ட் ஆர்கன்: பழசா, புதுசா? கேள்வி பதில்

கேள்வி: ஹேமண்ட் மின் ஆர்கனில் பி-3, சி-3, ஏ-100 என்ற மூன்று பழைய மாடல்களும் விற்பனைக்கு வருகின்றன சார். பி-3 விலை மட்டும் எங்கேயோ நிற்கிறது. அதில் அப்படி என்ன விசேஷம்?

பெட்டிதான் விசேஷம். பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் அதே 91 டோன்வீல் (சுழன்று சுரங்களை உண்டாக்கும் பல்சக்கரங்கள்), அதே டிராபார் (இழுத்து ஒலியின் தன்மையை மாற்றும் பிடிகள்), அதே பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் தட்டியதுபோல் சேரும் ஒலி). பி-3 நாலு காலில் நிற்கும். சி-3 தேவாலயத்துக்காகப் பக்கங்களை மூடிச் செய்தது. ஏ-100 வீட்டுக்கானது, ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் என்றால் பி-3. டீப் பர்ப்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட் என்றால் சி-3. நல்ல ஏ-100 கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: 50களில் வந்த பி-3க்கும் 60களின் கடைசியில் வந்ததற்கும் ஒலியில் வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். பழையவற்றில் இருப்பது மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம்). வயதாக ஆக அதன் மதிப்பு மாறி, மேல் ஸ்தாயி மங்கிவிடும். 60களின் நடுவில் வந்த சிவப்புக் கெபாசிட்டர் அவ்வளவாக மாறாது, அதனால் ஒலி பளிச்சென்று இருக்கும். அந்த மங்கலான குரலுக்காகவே பழசைத் தேடுகிறவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் பிடிக்கும்.

அதற்காகப் புதியதுதான் பத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். பின்னால் வந்த பலவற்றில் விசைகளுக்கு உள்ளே வைத்த ஃபோம் மக்கிப் பிசினாகி, மெல்லிய மின்தடைக் கம்பிகளை அரித்துவிடுகிறது. வாங்கப் போகும்போது ஒரே ஒரு டிராபாரை மட்டும் இழுத்து 61 விசையையும் வரிசையாக அழுத்துங்கள். பிறகு அடுத்த டிராபார். ஒன்பதையும் இப்படிப் பாருங்கள். அங்கங்கே சுரம் விட்டுப்போனால் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கம்பிகளைத்தான். சரிசெய்யச் செலவு அதிகம்.

கேள்வி: பி-3க்கு முந்தைய மாடலான பி-2 மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பெர்கஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமென்றால் தாராளமாக.

கேள்வி: அண்ணா, டொராண்டோவிலிருந்து சென்னைக்கே திரும்புகிறோம். என் சி-3க்கு வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா?

போதாது தம்பி. டோன்வீலைச் சுற்றுவது சின்க்ரோனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. அங்கே 60, இங்கே 50. ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும்; சி சுரத்தை அழுத்தினால் ஏ சுரத்துக்கும் சற்றுக் கீழே கேட்கும். சுருதி பல்சக்கரங்களிலேயே அமைந்துவிட்டது, முறுக்கிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. 60 ஹெர்ட்ஸ் தரும் கன்வர்ட்டர் வேண்டும். அது இல்லாமல் கப்பலில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: 2002இல் வந்த புதிய பி-3 பழசுக்கு ஈடாகுமா?

அதில் சுழலும் டோன்வீல் இல்லை, ஒலி டிஜிட்டல். ஆனாலும் நல்ல வாத்தியம். பழசுக்கென்று சில குணங்கள் உண்டு. அதில் பெர்கஷனைப் போட்டால் ஒன்பதாவது டிராபார் ஊமையாகிவிடும். விசை அழுத்தும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை இந்த ஆர்கனைக் கண்டுபிடித்த லாரன்ஸ் ஹேமண்ட் குறையாகத்தான் பார்த்தார், வாசிப்பவர்களோ விடவில்லை. மேடை மேடையாகத் தூக்கிப் போகிறவர்களுக்கு நான் டிஜிட்டலைத்தான் சொல்வேன். பெடல், பெஞ்சோடு சேர்த்தால் பழைய பி-3 200 கிலோவை நெருங்கும்.

கேள்வி: பழசு ஒன்று வந்து இறங்கியிருக்கிறது. ஸ்விட்ச் போட்டும் சத்தமே இல்லை!

இரண்டு ஸ்விட்ச் இருக்கும். ‘ஸ்டார்ட்’டை எட்டு விநாடி பிடியுங்கள், விடாமலே ‘ரன்’னைப் போட்டு இன்னும் நாலு விநாடி. அப்புறம் ‘ஸ்டார்ட்’டை விடுங்கள். வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்கள்) சூடாகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அப்படியும் மோட்டார் சுற்றவில்லை என்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம். ஹேமண்டுக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் விடுங்கள், தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.