ப்ரீடயாபடிஸ்: ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் நடுவில் வீட்டில் சுகர் பார்ப்பது எப்படி? (கேள்வி பதில்)

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக நானும் ப்ரீடயாபடிஸ்தான், அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அதனால் குழாயில் ரத்தம் எடுப்பவளின் பக்கமும் தெரியும், ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது வரும் படபடப்பும் தெரியும். நான் டாக்டர் இல்லை, மாத்திரை பற்றிச் சொல்ல மாட்டேன். அளப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். கீழே எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கு. உங்கள் கருவி 5.8, 6.4 என்று காட்டினால் 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த டெஸ்ட்) 6.0 வந்தது. டாக்டர் ஒரு வருடம் கழித்து வரச் சொல்லிவிட்டார். அதுவரை தினமும் காலையில் குளுக்கோமீட்டரில் (விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் வீட்டுக் கருவி) பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

பதில்: ஒரு வருட இடைவெளி சரியானதுதான். ஆனால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்ப்பதால் உங்களுக்குப் பெரிதாக எதுவும் தெரியவராது. காரணம் சொல்கிறேன்.

வீட்டுக் கருவிகளுக்கு 2013-இல் வந்த சர்வதேசத் தரவிதி ஒன்று உண்டு. 100 ரீடிங்கில் 95, ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். அதாவது உங்கள் உண்மையான அளவு 108 என்றால், கருவி 92 காட்டினாலும் 124 காட்டினாலும் அது விதிப்படி நல்ல கருவிதான். நம் நிலையில் இருப்பவர்களின் வெறும் வயிற்று அளவே 100-இலிருந்து 125 வரைதான். அந்த வரம்பு முழுவதையும் கருவியின் பிழையே விழுங்கிவிடும். நேற்று 104, இன்று 112 என்பதில் செய்தி எதுவும் இல்லை.

அப்படியானால் கருவி எதற்கு? வித்தியாசம் பார்க்க. ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள். ஒரு வாரத்தில் மூன்று நாள் போதும். அடுத்த வாரம் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள்: மாவுச்சத்தின் அளவைக் குறைக்கலாம், காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசிக்குத் தள்ளலாம், சாப்பிட்டதும் 15 நிமிடம் நடக்கலாம். மறுபடியும் மூன்று நாள் அளந்து ஒப்பிடுங்கள். 55 புள்ளி ஏறிக்கொண்டிருந்த இடத்தில் 30 ஏறினால், அதுவும் மூன்று நாளும் அப்படியே என்றால், அதை நம்பலாம். வெறும் வயிற்று அளவும் வேண்டும் என்றால் மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுங்கள்.

என்ன கேள்விக்காக விரலைக் குத்துகிறோம் என்று தெரிந்த பிறகு குத்துங்கள். கேள்வி இல்லாத ரீடிங்கில் பயம்தான் மிஞ்சும்.

கேள்வி: அக்கா, இன்று காலை 129 காட்டியது. எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதா?

பதில்: கையைக் கழுவினீர்களா தம்பி? நான் கருவி வாங்கிய முதல் மாதம் பழம் நறுக்கிவிட்டு அப்படியே விரலைக் குத்தினேன். 131. கை நடுங்கிவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் எடுத்தேன். 98. ஒரு சொட்டு ரத்தம் அவ்வளவு சின்னது, விரலில் ஒட்டிய பழச்சாறு போதும் அதை மாற்ற. ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது கழுவுவதற்கு ஈடாகாது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

கழுவியும் 129 என்றால், காய்ச்சல், தூக்கமின்மை, ஸ்டீராய்டு மருந்து எதுவும் உண்டா என்று யோசியுங்கள். வீட்டுக் கருவியை வைத்து யாருக்கும் நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், அதுவும் பொதுவாக இரண்டாவது டெஸ்டில் உறுதியாக வேண்டும். தொடர்ந்து பல நாள் இப்படியே வந்தால் ஒரு வருடம் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மேடம், மூன்று மாதமாக வீட்டில் பார்க்கிறேன். 92-இலிருந்து 104-க்குள்தான். ஆனால் ஹெச்பிஏ1சி 6.3! எது பொய்?

பதில்: நல்ல கேள்வி. 6.3-ஐச் சராசரி சர்க்கரையாக மாற்றினால் சுமார் 134 வரும். (28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும்.) உங்கள் ரீடிங்குக்கும் இதற்கும் 30 புள்ளிக்கு மேல் இடைவெளி. முதலில் சொல்லுங்கள், எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? எல்லாம் காலையிலா? அப்படியென்றால் சாப்பிட்ட பின் ஏறி இறங்கும் நேரத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.

அதே வாசகர்: இல்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தேன். 118, 125 அப்படித்தான்.

பதில்: அப்படியானால் ரத்தத்தையே சந்தேகப்பட வேண்டும். ஹெச்பிஏ1சி சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சர்க்கரை ஏறாமலேயே இந்த எண் ஏறிவிடும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள், ரத்த இழப்பு, ரத்தம் ஏற்றியது இதெல்லாம் இருந்தால் எண் பொய்யாகக் குறையும். ஹீமோகுளோபின் மாறுபாடுகள், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இவற்றிலும் நம்ப முடியாது. உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு?

இன்னொருவர்: பார்த்தீர்களா, நான் எப்போதும் சொல்வது இதைத்தான். ஹெச்பிஏ1சி வீண் செலவு. என் கருவி போதும்.

பதில்: இல்லை, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரத்தசோகை இல்லாதவருக்கு அது இரண்டு மூன்று மாதக் கதையை ஒரே எண்ணில் சொல்கிறது. நீங்கள் நாளுக்கு மூன்று முறை குத்தினாலும் 24 மணி நேரத்தில் மூன்று நொடியைத்தான் பார்க்கிறீர்கள்.

அவரே: என் ஆய்வகத்தில் வெறும் வயிற்றில் 96. அதே காலையில் வீட்டில் 109. டாக்டர் 96-ஐ நம்புகிறார். நான் எதை நம்ப?

பதில்: 109 கருவியின் பிழை வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அது என் வேலையைப் பற்றியது. குழாயில் எடுத்த ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. அதன் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைத் தனியாகப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5-இலிருந்து 7 சதவீதம் குறையும். ஃபுளோரைடு போட்ட குழாய்கூட முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இதை முழுசாகத் தடுக்காது. காலை 7 மணிக்கு எடுத்து, தூரத்து ஆய்வகத்துக்குப் போய், 9 மணிக்குப் பிரித்தால் 105 இருந்த இடத்தில் 96 வர வாய்ப்பு உண்டு. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால், ரத்தம் எடுக்கும் அதே நிமிடத்தில் உங்கள் கருவியிலும் ஒரு சொட்டு பாருங்கள். அதே இடத்திலேயே உடனே பிரித்துச் சோதிக்கும் ஆய்வகமாகப் பாருங்கள். அதுவும் வெறும் வயிற்றில். சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை, கையில் குழாயில் எடுக்கும் சிரை ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஒப்பிட முடியாது.

இதனால் ஆய்வகம் வேண்டாம் என்று ஆகிவிடாது. எந்த எண் எப்படித் தவறும் என்று தெரிந்திருந்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாமா? 24 மணி நேரமும் தெரியுமே.

பதில்: வசதி இருந்தால் ஒரே ஒரு தடவை, இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். எந்தச் சாப்பாடு உங்களை ஏற்றுகிறது என்று நன்றாகத் தெரியும். வருடம் முழுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் சில நிமிடம் பின்தங்கும். அந்தப் பக்கமாகப் படுத்தால் பொய்யாக இறக்கிக் காட்டும். முக்கியமாக ஒன்று: சர்க்கரை நோயே இல்லாதவர்களும் சாப்பிட்ட பின் அவ்வப்போது 140-ஐத் தாண்டுகிறார்கள். அது தெரியாமல் கோடு நேராக இருக்க வேண்டும் என்று துரத்தி, பழத்தையும் பயறையும் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தமான விஷயம்.

கேள்வி: இரவு 101-இல் படுத்தேன். எதுவும் சாப்பிடவில்லை. காலையில் 114. எப்படி?

பதில்: விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறும், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். எல்லோருக்கும் நடப்பதுதான். நம் நிலையில் இன்சுலின் அதை முழுசாகச் சமாளிப்பதில்லை. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

கேள்வி: 110 வந்தது, பயப்படலாமா?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: சிறுநீர் ஸ்ட்ரிப் மலிவு, வலியும் இல்லை. அது போதுமா?

பதில்: போதாது. ரத்தத்தில் சுமார் 180 தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தெரியும்.

கேள்வி: குத்தாமலேயே சுகர் காட்டும் கைக்கடிகாரம்?

பதில்: வாங்காதீர்கள். இப்படிச் சொல்லிக்கொள்ளும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2024-இல் எச்சரித்தது.

கேள்வி: மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்: உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் நான், கணவர், மாமியார் மூவரும் ஒரே கருவியில் பார்க்கிறோம். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்கிறோம்.

பதில்: இன்றே நிறுத்துங்கள். தயவுசெய்து. லான்செட்டையும் (விரலைக் குத்தும் ஊசி) அதைப் பொருத்தும் பேனாவையும் குடும்பத்துக்குள்ளும் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி இப்படிப் பரவியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும், ஸ்பிரிட் அதைப் போக்காது. ஆளுக்கு ஒரு பேனா, ஒவ்வொரு தடவையும் புது லான்செட். கருவியும் ஆளுக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. பயன்படுத்திய லான்செட்டைக் கெட்டியான, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையும் கைதான்.

கேள்வி: ஆறு மாதமாக மாவுச்சத்து மிகக் குறைவாகச் சாப்பிடுகிறேன். அடுத்த வாரம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்ட். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: கேட்டது நல்லதாயிற்று. 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள், தினமும் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு பழக்கம் விட்டுப்போய் எண் பொய்யாக ஏறும். டாக்டரிடம் உங்கள் சாப்பாட்டு முறையைச் சொல்லுங்கள்.

கேள்வி: 117 வந்தது...

பதில்: கை கழுவினீர்களா? மூன்று நாள் சராசரியா, ஒரு தடவையா? இந்த இரண்டையும் சொல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். இன்று இப்படி வந்தது பத்தாவது.

கேள்வி: இவ்வளவு அளந்தால் சுகர் குறையுமா?

பதில்: அளப்பதால் குறையாது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 3,234 பேர். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்கோடு இருந்த குழுவில், ஏறக்குறைய மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. கருவி அந்த நடைக்குத் துணை.

ஹெச்பிஏ1சி 6.3 கேட்ட வாசகர்: மேடம், பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். ஹீமோகுளோபின் 9.8. யாரும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: சந்தேகம் வலுக்கிறது. இதை டாக்டரிடம் காட்டி, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் டெஸ்ட்) பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகைக்குக் காரணம் என்ன என்பதையும் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும், அது சர்க்கரையைவிட அவசரம். இடைப்பட்ட காலத்துக்கு ஃபுரக்டோசமைன் என்ற டெஸ்ட் உண்டு, கடைசி இரண்டு மூன்று வாரத்துச் சராசரியைச் சொல்லும், சிவப்பணுவை நம்பி இருப்பதில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஹெச்பிஏ1சியை உடனே மறுபடி எடுக்காதீர்கள். இரும்புச்சத்து தேறி, பழைய அணுக்கள் போய்ப் புதியவை வர மூன்று மாதமாவது ஆகும். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். அந்த நோட்டையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.