இலியா டோபுரியாவின் போட்டி வாழ்க்கை: கேள்வி பதில்

ஸ்பெயினின் கலப்புத் தற்காப்புக் கலை (எம்.எம்.ஏ.) வீரர் இலியா டோபுரியாவைப் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். 2025 ஜூன் மாதத்தில் அவர் சார்லஸ் ஒலிவேராவை வென்றது வரையிலான காலத்தையே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய குடும்ப வாழ்க்கை குறித்த கேள்விகளைத் தொடவில்லை.

கேள்வி: சிலர் இவரை ஜார்ஜியர் என்கிறார்கள், சிலர் ஸ்பானியர் என்கிறார்கள். பிறந்தது ஜெர்மனி என்றும் படித்தேன். எது சரி?

மூன்றுமே சரி. 1997 ஜனவரி 21 அன்று ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியிலுள்ள ஹாலே என்னும் ஊரில் ஜார்ஜியப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் ஜார்ஜியாவுக்குத் திரும்பிய குடும்பம், அவருக்குப் பதினைந்து வயதானபோது ஸ்பெயினின் அலிகாண்டே நகரில் குடியேறியது. அங்கே கிளிமெண்ட் சகோதரர்களான ஹோர்ஹேவும் அகுஸ்தீனும் நடத்தும் பயிற்சிக்கூடத்தில் அவரும் அவருடைய அண்ணன் அலெக்ஸாண்டரும் சேர்ந்தார்கள். ஸ்பெயின் குடியுரிமை அவருக்கு 2024இல்தான் கிடைத்தது. அதற்கு முன்பே ஸ்பானியர்கள் அவரைத் தங்கள் வீரராக வரித்துக்கொண்டுவிட்டார்கள். எம்.எம்.ஏ. போட்டி நடக்கும் வலைக் கூண்டுக்குள் அவர் இரு நாட்டுக் கொடிகளையும் ஏந்துவதுண்டு.

போட்டியைப் பார்ப்பவருக்கு இந்த வரலாற்றில் ஒரு பகுதி மிகவும் முக்கியமானது. ஜார்ஜியாவில் பள்ளிப் பருவத்தில் அவர் கற்றது கிரேக்க-ரோமன் மல்யுத்தம். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்பதால் மார்போடு மார்பு மோதி, எதிராளியின் எடையைத் தன் கால்களில் தாங்கப் பழக்கும் கலை அது. அடுத்த கேள்விக்கான பதில் முழுவதும் இதன் மீதுதான் நிற்கிறது.

கேள்வி: ஐயா, நான் குத்துச்சண்டை மட்டுமே பார்ப்பவன். எம்.எம்.ஏ.வில் குத்துச்சண்டையை இவரைப் போல ஆடியவர் இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். இவர் குத்துச்சண்டை மேடையில் எத்தனை போட்டிகள் ஆடியிருக்கிறார்? அப்படி என்ன புதுமையாகச் செய்கிறார்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒன்றுகூட ஆடவில்லை. அவர் செய்வதில் புதுமை என்றும் எதுவும் இல்லை. நீங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் அதே ஜாப் (முன்கையால் நேராக வீசும் குத்து), அதே ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து), விலா எலும்புக்குக் கீழே இறங்கும் அதே இடதுகைக் குத்துதான். வியப்பு என்னவென்றால், அவற்றைச் செய்ய முடியாத இடம் என்று கருதப்பட்ட கூண்டுக்குள் அவர் அவற்றைச் செய்கிறார் என்பதே.

குத்துச்சண்டை மேடையில் எதிராளியின் இரண்டு கைகளைக் கவனித்தால் போதும். கூண்டுக்குள் தொடையைத் தாக்கும் உதை வரும், தலைக்கு உதை வரும், முழங்கால் வரும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலைப் பிடித்துக் கீழே வீழ்த்தும் டேக்டவுன் வரும். ஆகவே பெரும்பாலான வீரர்கள் எட்டி நின்று, எந்த நேரமும் பின்வாங்குவதற்கு ஏற்றபடி பாதங்களை இலேசாக வைத்து, குத்து ஒன்றை வீசிவிட்டு விலகிவிடுகிறார்கள். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, இடுப்பைத் திருப்பி, நான்கைந்து குத்துகளைத் தொடராக வீசுவது அங்கே ஆபத்தானது; ஊன்றிய காலைத்தான் மல்யுத்த வீரர் பிடிப்பார்.

டோபுரியாவுக்கு அந்த அச்சம் குறைவு. காலைப் பிடித்தாலும் அவரை வீழ்த்துவது கடினம். வீழ்த்தினாலும், தரையில் பிடி போட்டுப் பணிய வைக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை பெற்றவரின் பிடிக்குள் போய் விழ வேண்டியிருக்கும். எனவே மற்றவர்கள் நிற்கத் தயங்கும் நெருக்கத்தில் அவர் நிற்கிறார், உடலையும் தலையையும் மாறி மாறிக் குறிவைக்கிறார். அவரைக் குத்துச்சண்டை வீரராக்கியது அவருடைய மல்யுத்தமே என்பது என் கருத்து. ஒலிவேரா போட்டி வரையிலான 17 வெற்றிகளில் நாக் அவுட் 7, எதிராளியைப் பிடியில் பணிய வைத்தவை 8, நடுவர் தீர்ப்பால் வந்தவை 2. குத்துக்காகப் புகழ்பெற்றவரின் கணக்கில் பிடிவெற்றிகளே ஒன்று கூடுதலாக இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

கையுறையையும் சொல்ல வேண்டும். எம்.எம்.ஏ. கையுறை ஏறத்தாழ 4 அவுன்ஸ். குத்துச்சண்டையில் எடைப்பிரிவைப் பொறுத்து 8 அல்லது 10 அவுன்ஸ். பெரிய கையுறைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளலாம், சிறிய கையுறையில் அந்த வசதி இல்லை. இடைவெளி வழியே குத்து நுழைந்துவிடும். அதனால் தோளை உயர்த்துவதும், தலையை நகர்த்துவதும், அரை அடி பக்கவாட்டில் விலகுவதும்தான் தற்காப்பு. இந்த அரை அடியில்தான் அவர் தம்மைவிட உயரமானவர்களையெல்லாம் வென்றிருக்கிறார். அவருடைய உயரம் சுமார் 170 செ.மீ. மட்டுமே.

கேள்வி: எம்.எம்.ஏ.வின் மிகப் பெரிய போட்டி நிறுவனமான யு.எஃப்.சி.க்கு வந்ததும் நேராக மேலே போய்விட்டாரா? தடுமாறிய இடமே இல்லையா?

இருக்கிறது. 2020 அக்டோபரில் அபுதாபியில் யூசெஃப் ஸலாலை எதிர்த்து ஆடிய முதல் போட்டியில் நடுவர் தீர்ப்பால் வென்றார். அதில் குத்தைவிட மல்யுத்தமே மிகுதி. அதே ஆண்டு டிசம்பரில் டேமன் ஜாக்சனையும், 2021 ஜூலையில் ரயன் ஹாலையும் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். ஹால், தரையில் உருண்டு வந்து எதிராளியின் காலைப் பூட்டிவிடும் வித்தைக்காரர். அவருடன் ஆடியவர்கள் பலர் குழம்பிப்போய் எதையும் செய்யாமல் நின்றார்கள். டோபுரியா அவசரப்படாமல், அவர் உருண்டு முடியும் நொடிக்காகக் காத்திருந்து குத்தினார்.

தடுமாற்றம் வந்தது 2022இல். உடல் எடையைக் குறைக்கும்போது ஏற்பட்ட சிக்கலால் ஜனவரி மாதப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. மார்ச் மாதம் லண்டனில் ஒரு பிரிவு மேலே ஏறி, லைட்வெயிட்டில் ஜெய் ஹெர்பர்ட்டைச் சந்தித்தார். மிக உயரமான ஹெர்பர்ட்டின் உதை தலையில் பட்டு முதல் சுற்றிலேயே டோபுரியா தரையில் விழுந்தார். எழுந்து சமாளித்தவர், இரண்டாவது சுற்றில் உடலுக்கு இடதுகைக் குத்தைக் காட்டி, ஹெர்பர்ட்டின் கை தாழ்ந்ததும் வலதுகையால் முடித்துவிட்டார். அன்று அவர் எதிர்த்து நின்ற விதம்தான் பிற்காலத்துப் பட்டங்களை நம்ப வைத்தது என்பேன். விழாமலேயே பட்டம் பெற்றவர்கள், பட்டம் பெற்ற பிறகு விழும்போது எழுவதில்லை.

கேள்வி: வோல்கனோவ்ஸ்கியை வென்றது பெரிய சாதனையா? அவர் அதற்கு முன்பே நாக் அவுட் ஆகி வலுவிழந்திருந்தார் அல்லவா?

நியாயமான ஐயம்தான். அப்போது ஃபெதர்வெயிட் பிரிவின் சாம்பியனாக இருந்த அலெக்ஸாண்டர் வோல்கனோவ்ஸ்கி 2023 அக்டோபரில் இஸ்லாம் மகாச்சேவின் உதையில் வீழ்ந்து நான்கு மாதம்கூட முடியாத நிலையில், 2024 பிப்ரவரி 17 அன்று அனஹைமில் டோபுரியாவைச் சந்தித்தார். அவ்வளவு குறுகிய இடைவெளியில் மீண்டும் களமிறங்கியது அறிவுடைமை ஆகாது என்று அப்போதே பலர் சொன்னார்கள், நானும் அதை ஏற்கிறேன்.

ஆனாலும் அந்தப் போட்டியை மீண்டும் பாருங்கள். முதல் சுற்றில் வோல்கனோவ்ஸ்கி சோர்ந்தவராகத் தெரியவில்லை. நன்றாக நகர்ந்தார், கால் உதைகளால் தொலைவைக் காத்தார். இரண்டாவது சுற்றில் டோபுரியா அவரைக் கூண்டின் வலை வரை நடத்திக்கொண்டு போனார். பின்னால் வலை இருக்கும்போது பின்வாங்க முடியாது. அங்கே தொடராக வந்த குத்துகளின் கடைசியில் வலதுகை ஹூக் முடித்துவைத்தது. குத்தைத் தாங்கும் எதிராளியின் வலு குறைந்திருக்கலாம் என்றாலும், அவரை அந்த மூலைக்குக் கொண்டுபோனது தற்செயல் அன்று. மேலும், அதே வோல்கனோவ்ஸ்கி 2025 ஏப்ரலில், டோபுரியா விட்டுச்சென்ற பட்டத்தை டியேகோ லோபெஸை வென்று மீண்டும் பெற்றார். முடிந்துபோனவர் அப்படி வெல்ல முடியாது.

கேள்வி: ஹாலோவே போட்டியின் தொடக்கத்தில் தரையைச் சுட்டிக் காட்டியது அநாகரிகமாகப் பட்டது. பட்டம் பெறும் முன்பே தன்னைச் சாம்பியன் என்று எழுதிக்கொண்டவர் வேறு. இவ்வளவு ஆணவம் தேவையா?

தரையைச் சுட்டுவது மேக்ஸ் ஹாலோவேயின் அடையாளம். 2024 ஏப்ரலில் ஜஸ்டின் கேத்ஜியுடனான போட்டியின் கடைசிப் பத்து நொடிகளில் நடுவே நின்று மோதலாம் என்று சுட்டிக் காட்டி, இறுதி நொடியில் அவரை வீழ்த்தினார். ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 26 அன்று அபுதாபியில், டோபுரியா அதையே போட்டியின் முதல் நொடியில் செய்தார். ஹாலோவே அந்த அழைப்பை ஏற்கவில்லை. ஏற்காததே சரி என்று முதல் இரண்டு சுற்றுகள் காட்டின. மூன்றாவது சுற்றில் வலதுகைக் குத்தில் நிலைகுலைந்தவரை இடதுகை ஹூக் சாய்த்தது. அதுவரை எவராலும் நாக் அவுட் செய்யப்படாதவர் ஹாலோவே.

ஆணவம் குறித்துக் கேட்டால், எனக்கும் அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. ஆயினும் அதை வெறும் வாய்வீச்சு என்று ஒதுக்கவும் முடியவில்லை, ஏனெனில் அந்தப் பேச்சே எதிராளியைத் தன் ஆட்டத்திலிருந்து விலக்கி நெருக்கமான மோதலுக்கு இழுக்கும் வேலையையும் செய்கிறது. நெருக்கம்தானே அவருக்கு வேண்டியது.

கேள்வி: ஃபெதர்வெயிட் பட்டத்தை ஏன் விட்டுக்கொடுத்தார்? மகாச்சேவை அவர் ஏன் சந்திக்கவில்லை?

ஃபெதர்வெயிட்டின் எல்லை 145 பவுண்டு, அதாவது சுமார் 65.8 கிலோ. அந்த எடைக்கு இறங்குவது அவருக்குத் தொடக்கத்திலிருந்தே துன்பமாக இருந்தது. 2025 பிப்ரவரியில் பட்டத்தைத் துறந்து 155 பவுண்டு லைட்வெயிட்டுக்குச் சென்றார். அங்கே சாம்பியனாக இருந்த மகாச்சேவ் அதற்கும் மேலே உள்ள வெல்டர்வெயிட்டுக்குப் போவதற்காகத் தம் பட்டத்தை விட்டார். இருவரும் சந்திக்காமல் போனது ரசிகர்களுக்கு இழப்புதான்.

காலியான பட்டத்துக்காக ஜூன் 28 அன்று லாஸ் வேகாஸில் ஒலிவேராவை முதல் சுற்றில், 2 நிமிடம் 27 நொடியில் வீழ்த்தினார். யு.எஃப்.சி.யில் பிடியால் அதிக வெற்றிகள் பெற்றவர் ஒலிவேரா. தோல்வியே காணாமல் இரு பிரிவுகளில் பட்டம் வென்ற முதல் யு.எஃப்.சி. வீரர் என்ற பெயர் அன்று டோபுரியாவுக்கு வந்தது.

கேள்வி: குத்துச்சண்டைக்கு வந்தால் வெல்வாரா?

எம்.எம்.ஏ.விலிருந்து குத்துச்சண்டைக்கு முன்னே போனவர்களைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் கானர் மெக்ரெகர் ஃப்ளாய்டு மேவெதரிடம் பத்தாவது சுற்றில் தோற்றார். முதல் சில சுற்றுகளில் ஈடுகொடுத்தவர், பிறகு களைத்துப்போனார். 2023 அக்டோபரில் பிரான்சிஸ் இங்கானு ரியாதில் டைசன் ஃப்யூரியை ஒருமுறை வீழ்த்தினார், நடுவர்கள் ஒருமனதாக இல்லாத பிளவுத் தீர்ப்பில்தான் தோற்றார். ஐந்து மாதம் கழித்து ஆந்தனி ஜோசுவா அவரை இரண்டு சுற்றில் முடித்துவிட்டார். எதிர்த்திசையில் வந்தவர்களுக்கும் இதே கதிதான்: குத்துச்சண்டையில் பல பட்டங்கள் வென்ற ஜேம்ஸ் டோனி, 2010இல் ராண்டி கூட்டூரிடம் முதல் சுற்றிலேயே பிடியில் சிக்கினார்.

டோபுரியாவின் நுட்பம் மெக்ரெகருடையதைவிடக் குத்துச்சண்டைக்கு நெருக்கமானது. ஆனால் நான் மேலே சொன்ன காரணம் இங்கே எதிராகத் திரும்பும். கூண்டுக்குள் அவருடைய கைகளுக்கு மதிப்புக் கூட்டுவது, மற்றவர்களால் அவரை வீழ்த்த முடியாது என்பது. யாரும் யாரையும் வீழ்த்தாத மேடையில் அந்தச் சாதகம் மறைந்துவிடும். ஐந்து நிமிடச் சுற்றுகள் ஐந்துக்குப் பழகியவர், மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டுக்கு மூச்சையும் கால்களையும் மாற்றிப் பழக வேண்டும். நடுத்தரமான தொழில்முறைக் குத்துச்சண்டை வீரரை வெல்வார். உலகச் சாம்பியன் ஒருவரை முதல் போட்டியிலேயே வெல்வார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கேள்வி: இவருக்கு முன் ஸ்பெயினில் பெயர் சொல்லும்படி யாருமே இல்லையா?

குத்துச்சண்டையில் நீண்ட மரபு உண்டு. பாஸ்க் நாட்டில் மரம் வெட்டுபவராக இருந்த பவுலினோ உஸ்குதுன், 1931 ஜூலை 4 அன்று ரீனோவில் மேக்ஸ் பேயரை இருபது சுற்றுகளில் வென்றார்; நடுவராக இருந்தவர் ஜாக் டெம்ப்சி. 1935 டிசம்பரில் ஜோ லூயிதான் அவரை முதன்முறையாக வீழ்த்தினார், அதுவே அவருடைய கடைசிப் போட்டி. அண்மைக் காலத்தில் ஹாவியர் காஸ்தியேஹோவைச் சொல்லலாம். அலிகாண்டே மாகாணத்தைச் சேர்ந்த கிகோ மார்டினெஸும் இருக்கிறார். 2013இல் ஒரு உலகப் பட்டம் பெற்று இழந்து, 2021 நவம்பரில் ஷெஃபீல்டுக்கே போய் கிட் கலஹாதை நாக் அவுட் செய்து வேறொரு பிரிவில் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார்.

எம்.எம்.ஏ.வில் கூட்டம் சிறியது. கூண்டு, குத்துச்சண்டை மேடை இரண்டிலும் தொழில்முறையாக ஆடிய காட்டலோனியர் அப்னர் யோவெராஸ், கேனரித் தீவுகளின் மரபு மல்யுத்தத்திலிருந்து வந்த ஹுவான் எஸ்பினோ, கிஹோனைச் சேர்ந்த ஹோயெல் ஆல்வாரெஸ் ஆகியோர் வழி அமைத்தவர்கள்.

கேள்வி: மாட்ரிட் பெர்னபேயு மைதானத்தில் போட்டி நடக்குமா?

அது அவருடைய நெடுநாள் ஆசை. 2024 பிப்ரவரியில் ஃபெதர்வெயிட் பட்டம் வென்ற அடுத்த வாரமே அங்கே ஒரு கால்பந்தாட்டத்துக்கு மரியாதைத் தொடக்க உதை கொடுக்க அழைக்கப்பட்டார். ஆனால் இசை நிகழ்ச்சிகளின் இரைச்சலை எதிர்த்து அக்கம்பக்கத்தார் போராடி, 2024இல் அந்த நிகழ்ச்சிகளே அங்கே நிறுத்தப்பட்டன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: இதுவரை இவருடைய போட்டி எதையும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

நாக் அவுட் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு, 2023 ஜூன் மாதம் ஜாக்சன்வில்லில் ஜோஷ் எம்மெட்டுடன் நடந்த ஐந்து சுற்றுப் போட்டியை முழுமையாகப் பாருங்கள். எம்மெட்டின் வலதுகை ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கக்கூடியது. அதற்கு எதிரே 25 நிமிடம் நின்ற டோபுரியா, பெரும்பாலும் ஜாபை வைத்தே அவரை அடக்கினார். ஒரு சுற்றை வெல்பவருக்கு 10 மதிப்பெண் என்னும் முறையில், நடுவர்களில் ஒருவர் 50-42 என்று மதிப்பெண் போட்டார் என்றால் எவ்வளவு ஒருதலைப்பட்சமாக இருந்தது என்று புரியும். பார்க்கும்போது கைகளை விட்டுவிட்டு, அவருடைய முன்பாதம் எம்மெட்டின் முன்பாதத்துக்கு எந்தப் பக்கத்தில் ஊன்றுகிறது என்பதை மட்டும் இரண்டு சுற்றுகள் கவனியுங்கள். அதன் பிறகு 2022 டிசம்பரில் பிரைஸ் மிட்செலைத் தரையில் கழுத்துப் பிடியால் பணிய வைத்த போட்டியைப் பாருங்கள். வோல்கனோவ்ஸ்கி, ஹாலோவே, ஒலிவேரா மூவரையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.