1955 சென்ட்: கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிந்தால்

உங்கள் 1955 லிங்கன் சென்ட்டில் (லிங்கன் தலை பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு) ஆண்டின் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிகிறது என்கிறீர்கள். ஏமாற்றம்தான், அது சேகரிப்பாளர்கள் தேடும் 'டபுள் டை' (உருவம் இரட்டையாகப் பதிந்த அச்சில் அடித்த காசு) அல்ல, தேய்ந்துபோன அச்சின் வேலை. 'ஏழையின் டபுள் டை' என்று அதற்குக் கேலிப் பெயரே உண்டு. அசல் டபுள் டையில், காசு அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போதே உருவம் சற்றுத் திரும்பி இரண்டாம் முறை பதிந்துவிட்டது. அதனால் ஆண்டின் நான்கு இலக்கங்களும், லிபர்ட்டி என்ற சொல்லும், தலைக்கு மேலுள்ள வாசகமும் லென்ஸ் இல்லாமலே இரண்டிரண்டாகத் தெரியும். அது ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடித்த காசு, ஆகவே ஆண்டுக்குக் கீழே நாணயச்சாலையைக் குறிக்கும் எழுத்து எதுவும் இருக்காது.

அப்படி ஒன்று கிடைத்தாலும் உடனே துள்ளிக் குதிக்காதீர்கள், போலிகள் ஏராளம். பின்பக்கம் சென்ட் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு இடப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட செங்குத்தாக மெல்லிய கீறல்கள் அசலில் இருக்கும். அப்புறம், காசைத் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள்!