புது மாடல் விமான எஞ்சின் த்ராட்டில் கொடுத்ததும் நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை எப்படிச் சரிசெய்வது?

46 சைஸ் (0.46 கன அங்குலம்) க்ளோ எஞ்சின், புதுசு, ஐடிலில் ஓடுகிறது, த்ராட்டிலைத் தள்ளினால் நின்றுவிடுகிறது, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு நீடிலையும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் திருகுவதை நிறுத்துங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் என்ன ஆனது என்றே பிடிபடாது. மேனுவலைப் பார்த்து இரண்டையும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் டியூபைப் பாருங்கள். என் முதல் எஞ்சினும் இப்படித்தான் நின்றது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீடிலோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், சிலிக்கான் டியூப் மரப்பலகையில் உரசிய இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. எஞ்சின் ஓடும்போது டியூபுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகப் போவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். காற்று கலந்து வரும் எரிபொருளை எந்த நீடிலாலும் சரிசெய்ய முடியாது. டேங்குக்குள் எடையோடு கிடக்கும் டியூபையும் எடுத்துப் பாருங்கள்.

சரி, இனி கார்புரேட்டர். முதலில் முழு வேகத்துக்கான ஹை ஸ்பீடு நீடில், அது முடிந்த பிறகே ஐடிலுக்கான லோ ஸ்பீடு. ஐடிலிலிருந்து ஏறும்போதுதானே தகராறு என்று லோ நீடிலில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் ஹை நீடிலை மாற்றினால் ஐடிலும் கொஞ்சம் மாறும்.

எஞ்சினைச் சூடாக்கி முழு த்ராட்டில் கொடுங்கள். ரிச்சாக, அதாவது எரிபொருள் அதிகமாக, இருந்தால் சத்தம் கரகரவென்று உடைந்து வரும், மப்ளரில் புகை தள்ளும். புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஹை நீடிலை வலப்பக்கமாக ஒவ்வொரு க்ளிக்காகத் திருகுங்கள். ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஐந்து வினாடி பொறுங்கள். ஓரிடத்தில் அந்தக் கரகரப்பு போய் சத்தம் ஒரே இழையாகச் சீறும். இன்னும் திருகினால் வேகம் ஏறி உச்சத்தைத் தொடும். அங்கேயே விட்டுவிடாதீர்கள். 200, 300 ஆர்பிஎம் குறையும் வரை திரும்ப ரிச் பக்கம் வாருங்கள். பிறகு ஒருவரை விமானத்தைப் பிடித்து மூக்கை வானம் பார்க்கத் தூக்கச் சொல்லுங்கள். வேகம் கொஞ்சம் ஏறினால் நல்லது. தொய்ந்தால் லீன், அதாவது எரிபொருள் போதவில்லை.

லீன் ஏன் இவ்வளவு ஆபத்து? இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் கிடையாது. மெத்தனாலோடு கலந்து வரும் ஆயில்தான் எல்லாம். எரிபொருள் குறைந்தால் மசகும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. புது எஞ்சின் அதைத் தாங்காது.

அதற்காக உங்களுடையது ஏபிசி வகை (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ்) என்றால், புகை கக்கும் அளவுக்கு ரிச்சாக டேங்க் டேங்காக ஓட்டவும் கூடாது. அதன் பிஸ்டன் ஓடும் பித்தளை ஸ்லீவ் மேலே போகப் போகக் குறுகலாக இருக்கும். கையால் சுற்றினால் மேலே வந்து இறுகுகிறதே, அது குறையல்ல. சூடானால்தான் ஸ்லீவ் விரிந்து பிஸ்டனுக்கு இடம் கொடுக்கும். ரிங் வைத்த எஞ்சினுக்குத்தான் நீண்ட ரிச் ஓட்டம்.

இப்போது லோ நீடில். பிளக்கைச் சூடாக்கும் க்ளோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, பத்துப் பதினைந்து வினாடி ஐடிலில் ஓடவிட்டு த்ராட்டிலைத் தள்ளுங்கள். இருமி, புகைவிட்டு, தடுமாறி நின்றால் ரிச். ஒரு முனகலும் இல்லாமல் சட்டென்று அணைந்தால் லீன். எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டில் ஒரு சுற்று மட்டும் மாற்றி, மறுபடி பாருங்கள். இதில் அவசரப்பட்டுக் கால் சுற்று திருகியவர்கள்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். மதியச் சூட்டில் காற்று அடர்த்தி குறைவு. அப்போது சரியாக வைத்த நீடில், அடுத்த வாரம் குளிர்ந்த விடிகாலையில் லீனாகிவிடும். காலையில் முதல் ஓட்டத்துக்கு இரண்டு க்ளிக் ரிச்சாக ஆரம்பிப்பது என் வழக்கம்.

டியூபைப் பார்த்த பிறகும் நின்றால், இருமி நின்றதா, சட்டென்று அணைந்ததா என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.