திருகோணமலையில் இலவசச் சட்ட உதவியை எங்கிருந்து திருத்த வேண்டும்?

சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாதவருக்கு அரச செலவில் கிடைக்கும் உதவியை எப்படி மேம்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, தாபரிப்பு போன்ற குடும்ப வழக்குகளில் பெரிதும் பயன்படுகிறது. என் பார்வையில் குறை குற்றவியல் பக்கத்தில்தான் இருக்கிறது. மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாத எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, நீதிபதியே ஒருவரை நியமிக்கலாம். ஆனால் பிணையா விளக்கமறியலா என்ற கேள்வி அதற்கு வெகு முன்பே, நீதவான் முன் முற்படுத்தப்படும் முதல் நாளிலேயே எழுந்துவிடுகிறது. வெருகலில் கைதான ஒரு கூலித்தொழிலாளியின் மனைவி, சட்ட உதவி கோருவதற்கான வருமானச் சான்றைக் கிராம உத்தியோகத்தரிடம் வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் பெற்று, பஸ் பிடித்து வருவதற்குள் அடுத்த தவணையே வந்துவிடலாம். ஆகவே, சான்றைப் பின்னர் ஒப்படைக்கலாம் என்ற ஏற்பாட்டுடன், ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்திலும் நாள்தோறும் ஒரு கடமைச் சட்டத்தரணி இருக்க வேண்டும். கூண்டருகே நின்று பெயரை மட்டும் கேட்டுக்கொள்பவராக அல்லாமல், உரிய கொடுப்பனவு பெற்று, வழக்கேட்டை முன்கூட்டியே வாசித்தவராக. நீதியின் நலன் கோருமிடத்துக் கட்டணமின்றிச் சட்ட உதவி பெறும் உரிமையை சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பதால், இதற்கு நிதி ஒதுக்கீடே முதன்மைத் தேவை. அத்துடன், பொலிஸார் சிங்களத்தில் பதியும் வாக்குமூலத்தில் கையொப்பமிடுமுன், அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் பொலிஸ் நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.