டெய்லர் என்ற குடும்பப்பெயர் கொண்ட புகழ்பெற்றவர்கள் யார்? எல்லோரும் உறவினர்களா?

உறவெல்லாம் இல்லை. நம் ஊர்த் தையற்கடைப் பலகையில் இருக்கும் அதே டெய்லர்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறும், அவ்வளவே. துணி வெட்டுபவரைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. தையற்காரர் இல்லாத ஊர் ஏது? அதனால்தான் இங்கிலாந்தில் இத்தனை டெய்லர்கள்.

கல்லூரி முதலாண்டில் கணித ஆசிரியர் ‘டெய்லர் தொடர்’ (ஒரு சார்பை முடிவில்லாக் கூட்டலாக எழுதும் வழி) என்று கரும்பலகையில் எழுதியபோது எனக்கு எங்கள் தெருமுனைக் கடைதான் நினைவுக்கு வந்தது. அந்தத் தொடரை 1715இல் வெளியிட்டவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் புரூக் டெய்லர். முக்கோணவியலில் வரும் சைனுக்கான இத்தகைய தொடரைக் கேரளத்துச் சங்கமகிராம மாதவன் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே கண்டிருந்தார் என்பதை அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த டெய்லர் வேறொருவர்: கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் (1886–1975). தர்க்க இயற்கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூலின் மகள்வழிப் பேரன். 1909இல் ஒரு வாயு விளக்கின் ஒளியைப் புகையேற்றிய கண்ணாடிகளால் மிக மிக மங்கலாக்கி, ஊசியொன்றின் நிழலைப் படமெடுத்தார். ஒரே படத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம்! ஒளி அலைபோல வளைவதால் நிழலோரத்தில் தோன்றும் கோடுகள், அத்தனை மங்கல் ஒளியிலும் மங்காமல் விழுந்தன. அவர் படகுப் பைத்தியமும்கூட. கலப்பைக் கொழு போல மண்ணில் புதையும் நங்கூரத்தை 1933இல் உருவாக்கினார். 1945இல் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனையின் படங்கள் பின்னர் வெளியாயின. தீக்கோளம் எத்தனை நொடியில் எவ்வளவு விரிந்தது என்பதை அவற்றில் அளந்தே, குண்டின் ஆற்றல் சுமார் 17,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று 1950இல் கணக்கிட்டுக் காட்டினார்.

ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லரைச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். எட்டுத் திருமணங்கள், அதில் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனுடன் மட்டும் இரண்டு. ஆனாலும் உலகத்துக்கு அவர் டெய்லர்தான். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கணக்கில் வரமாட்டார், அவருக்கு இது முதற்பெயர். ஆனால் பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் பெயரைப் பார்த்துப் பெற்றோர் வைத்தது.

கிரிக்கெட்டில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் மார்க் டெய்லர். 1998இல் பெஷாவரில் ஆட்டமிழக்காமல் 334 ஓட்டங்கள் எடுத்தார். அதுவரை ஆஸ்திரேலியர் ஒருவரின் உச்சமாக இருந்த பிராட்மனின் அதே 334. மறுநாள் காலை மட்டையைத் தொடாமலே டிக்ளேர் செய்துவிட்டார். இன்னும் ஓர் ஓட்டம் எடுத்திருக்கலாமே என்று என் அப்பாவுக்கு இன்றுவரை ஆற்றாமை.