கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாயில் கழிவுநீர்: தனியாக எழுத வேண்டாம்

வணக்கம். ஒழுங்கைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் சாப்பாட்டுக் கடைக் கழிவுநீர் விழுகிறது, முறையிட்டும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். மனம் வலித்தது.

இனித் தனியாக எழுதாதீர்கள். தமிழ், சிங்கள, முஸ்லிம் வீட்டார் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே கடிதம், தமிழ், சிங்களம் என இரு மொழியிலும், பதிவுத் தபாலில் போகட்டும். யாருக்கு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறோம்: கால்வாய்ப் பராமரிப்பு காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு; கழிவு கலப்பது, 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பொறுப்பு; கடையின் சுகாதாரம் மாநகரசபைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பொறுப்பு. மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள். குழாய் வாய் தெரியும் படம், திகதி, நேரம் கட்டாயம் வேண்டும். அப்புறம், படமெடுக்கத் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.